டப்பாவின் பின்பக்கம்

வைட்டமின் டப்பாவின் முன்பக்கத்து ஆரஞ்சுப் பழப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுத்தான் அப்பா பின்பக்கத்தைத் திருப்புவார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வரும். கும்மிடிப்பூண்டி மருந்துக்கடைக்காரர் பார்த்திபனின் முகம் சுருங்கும்.

"நைனா, வாங்கறதுன்னா வாங்கு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இன்னாத்துக்குப் படிச்சிக்கினு நிக்கிற?"

அப்பா தானியேல் இருபத்தெட்டு ஆண்டுகள் பாய்லர் இயக்கியவர். மென்று தின்னும் வைட்டமின் மிட்டாய்களை அழுத்தமானியைப் பார்ப்பதுபோலவே பார்ப்பார். "மொதல்ல எது எழுதிக்கீதோ அதான் ஜாஸ்தி. பாரு, சக்கர. அப்பால குளுக்கோஸ் பாகு. வைட்டமினு கடேசி பெஞ்சு." ஒரு வேளைக்கு இரண்டு என்றிருந்தால் அளவை இரண்டால் வகுப்பார். "ஜனங்க ஒண்ணுதான் துன்றாங்கோ. அப்போ பாதிதான்."

ஒருமுறை சோதனைக்காக ஒன்றை மென்றார். மேல்வரிசைப் பல்செட் மிட்டாயோடு வெளியே வந்தது. அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஒட்டறதுல மட்டும் ஃபுல் டோஸ்" என்றார்.

கடைசியில் அவர் தேடுவது ஒன்றைத்தான். இரும்புச்சத்து.

அம்மாவுக்கு எட்டு மாதம் மயக்கம் வந்துகொண்டிருந்தது. இதே ஆரஞ்சு டப்பாவை மாதாமாதம் வாங்கித் தந்தவன் நான். வேதியியல் படித்து, காக்களூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை செய்பவன். பின்பக்கத்தைப் படிக்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது இரத்தசோகை முற்றித் தாமதமாகிவிட்டது. அம்மா போய் ஐந்து மாதம். அப்பா இதுபற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேற்று மாலை நானும் கடைக்குக் கூடப் போயிருந்தேன். சுமலதா என்ற பெண் வந்தாள். தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையின் சீருடை. "அண்ணா, நின்னா தல சுத்துது. அந்த ஆரஞ்சு டப்பா குடு."

அப்பா குறுக்கே கை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டார். "இதுல இரும்பே இல்லம்மா. தண்ணி இல்லாத பாய்லருக்குப் பெயிண்ட் அடிக்கிற கத. மொதல்ல ஜி.எச். ஆஸ்பத்திரி போயி டெஸ்ட்டுக்கு ரத்தம் குடு."

"போச்சுடா என் வியாபாரம்" என்றார் பார்த்திபன்.

சுமலதா நம்பவில்லை. "நீ இன்னா டாக்டரா தாத்தா?"

"நான் பாய்லரு. என் புள்ளதான் கெமிஸ்ட்ரி. அவன கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பா பூதக்கண்ணாடியை என் வலக்கையில் திணித்தார். டப்பாவை இடக்கையில் வைத்தார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து, ஆரஞ்சுப் பழத்தின்மேல் அழுத்தி வைத்தார்.