ஆற்று நடுவில் வைத்த தேக்சா

எங்கள் நோன்புக் கஞ்சியைப் பாலாற்று மணலில் கொட்டியவர் நீங்கள்தான், ஜீப்பில் வந்த அதிகாரியே. வெந்த பூண்டும் வெந்தயமும் சுடுமணலிலிருந்து மணந்தது இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆம்பூர்ப் பக்கம், ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் சிலருக்குக் கொரோனா என்றதும் தெருமுனையைத் தகரம் அடித்து மூடினீர்கள். அரிசி வரும் என்று மைக்கில் சொன்னீர்கள். வந்தது பிளீச்சிங் பவுடர். ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டிய அம்மாவுக்கு வேலை இல்லை, அரிசிப் பானையும் காலி.

அக்கரையில் இருந்த பிரியாணி மாஸ்டர் கரீம் பாய்தான் ரம்ஜான் நோன்புக்குக் காய்ச்சும் கஞ்சியை எங்களுக்கும் சேர்த்துக் காய்ச்சினார். “தேக்சா” என்று நாங்கள் சொல்லும் பெரிய பாத்திரத்தை ஆற்று நடுவிலிருந்த மணல்மேட்டில் வைத்து, விசில் அடித்துவிட்டு, அவர் தன் கரைக்குத் திரும்பிய பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் தூக்குகளோடு இறங்குவார்கள். கழுவிய தேக்சாவை அந்த மேட்டிலேயே வெயிலில் காயக் கவிழ்த்து வைப்பார்கள்; மறுநாள்தான் பாய் எடுத்துப்போவார். யாரும் யாரையும் நெருங்கியதில்லை.

“இன்னா பாய், கஞ்சியில கறியே காணோம்?” என்று அம்மா கத்துவாள்.

“ஆட்டுக்கும் ஊரடங்கு அக்கா, வெளிய வரமாட்டேங்குது!” என்று பதில் வரும். எங்களுக்கு அந்த நாட்களில் கிடைத்த ஒரே சாப்பாடு அது. ஒரே சிரிப்பும் அதுதான்.

அன்றைக்கு நீங்கள் வந்தீர்கள். “அவங்க குடுக்கறத வாங்கித் தின்னு நோயப் பரப்புறீங்களா?” என்றீர்கள்.

“அவரு அந்தக் கரையில நிக்கறாரு சார். புள்ளைங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல சார்” என்று அம்மா கும்பிட்டாள்.

தேக்சாவைக் காலால் தள்ளினீர்கள். காலிப் பாத்திரத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். என் தம்பி மணலில் கிடந்த பருப்பைப் பொறுக்கினான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் அதே மேட்டில் கிண்ணம், சொம்பு, டிபன் பாக்ஸ் என்று அக்கரையின் எல்லா வீட்டுப் பாத்திரங்களும் கஞ்சியோடு இருந்தன. “இப்போ எத்தன ஜீப்பு கொண்டாருவாரு?” என்று பாய் கத்தினார்.

இன்று அந்த மேடு இல்லை. மணலை லாரியில் அள்ளிவிட்டார்கள். பாயும் பிழைப்புக்கு ஓசூர் போய்விட்டார். உங்கள் ஆபீஸ் சுவரில் மட்டும், ஊரடங்கில் ஒருவரையும் பசியோடு விடவில்லை என்று பலகை தொங்குகிறது.

அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். பாய் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அம்மா முன்வரிசையில் இருப்பாள். யார் உத்தரவில் கொட்டினீர்கள், கொடுத்தது பாய் என்பதால்தான் கொட்டினீர்களா? எந்த மைக்கில் அரிசி வரும் என்றீர்களோ, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.