இடிந்த கோயிலும் இடிந்த குசினியும்

பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையத்தில் இந்த வாரம் ஓர் அருங்காட்சியக விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் ஒருவர் முன்னொரு காலம் இத்தாலிப் பக்கம் போய் வரைந்த நாட்டுப்புறக் காட்சி. மாலை வெயில், தூரத்து மலை, நடுவில் உரோமர் காலத்துக் கோயில் ஒன்றின் இடிபாடு. நிற்கும் தூண்கள் ஏழு, விழுந்தவை இரண்டு, ஆடுகள் ஐந்து. ரயில் வர நான்கு நிமிடம் இருந்தது. எண்ணாமல் வேறென்ன செய்வது? பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே படத்தின் அச்சுப்பிரதி, ரூ காய் என்ற தெருவில் நாங்கள் ஆறு பேர் இருந்த அறைச் சுவரில் தொங்கியது. வீட்டுக்காரர் இரசனையால் மாட்டியதல்ல. அதன் பின்னால் ஈரம் ஊறி, ஒரு முழ அகலத்துக்குப் பூஞ்சணம். மழை பெய்தால் அந்த உரோமாபுரியிலிருந்து நனைந்த சாக்கு வாடை வரும். இன்றும் எங்காவது அந்த வாடை அடித்தால் எனக்குத் தவத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது.

தவம் போர் முடிந்த மறு வருடம் வன்னியிலிருந்து வந்தவன். முப்பத்தைந்து வயது. உணவகத்தில் கோப்பை கழுவினான். மனைவி அங்கே முகாமில். அகதி விசா கிடைத்தால்தான் அவளைக் கூப்பிட முடியும். ஊரில் நான் கணக்கு வாத்தியார் என்பதால், அவனுடைய கேஸை எழுதி விசாரணைக்குப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொடுத்தேன்.

பாயில் படுத்து அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் அவன் பேசுவான்.

"எங்கட குசினியும் உப்பிடித்தான் மாஸ்டர், கூரையில்லாமல் நிண்டது. சட்டி பானை எடுக்கப் போனன். ஆரோ வீட்டு மாடு உள்ளுக்கை நிண்டு, மனிசி நட்ட கறிவேப்பிலையைத் திண்டுகொண்டிருக்கு. கலைக்க மனம் வரேல்லை..."

"மாட்டை விடு. எத்தினையாம் திகதி இடம்பெயர்ந்தனி?"

"அது மழைக்காலம் மாஸ்டர்."

"மழைக்காலத்தை அவங்கள் எழுதமாட்டாங்கள். திகதி!"

"உங்களிட்டைப் படிச்ச பிள்ளையள் பாவம்," என்று மூலையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

பதினேழு திகதிகள், ஒன்பது இடங்கள். மூன்று வாரம் பாடமாக்கினோம். மாடு வாசலில் தலை காட்டும்போதெல்லாம் நான் கலைத்தேன்.

விசாரணை முடிந்து சில மாதம் கழித்து அகதி அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மனுதாரர் ஒப்புவித்ததுபோல் பேசினார், பட்டு அனுபவித்ததற்கான சொந்த விவரம் ஒன்றுமில்லை என்று எழுதி நிராகரித்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய கோயில் இடிந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டி, ஆடு எவ்வளவு அழகு என்று காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் குசினி இடிந்ததற்கு விவரம் போதாதாம். அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்தது பெரிது. அது இன்னும் போகவில்லை.

தவம் கடிதத்தை வாங்கி நான்காக மடித்தான்.

"நீங்கள் சொன்னதிலை ஒண்டும் விடேல்லை மாஸ்டர். பதினேழும் சொன்னனான்."

மேன்முறையீடும் தோற்றது. ஒரு காலையில் பையோடு படியிறங்கினான். இலண்டன் என்றார்கள், பிறகு கனடா என்றார்கள். அவனுடைய தொலைபேசி இலக்கம் இன்று வேறு யாருக்கோ போய்விட்டது. அறையையும் இடித்துப் புதுப்பித்து, அறியாத மனிதர்களுக்கு விட்டுவிட்டார்கள். மாட்டுக் கதையை அவன் என்னிடம் நான்கு தடவை தொடங்கினான். நான்கு தடவையும் நான் நிறுத்தினேன். பிறகு அந்தக் குசினிக்குள் என்ன நடந்தது என்று கேட்க இப்போது ஆளில்லை.