புல்லாங்குழலுக்குக் கொடுத்த மூச்சு

கணினியில் ஒரு புல்லாங்குழலை நிஜம்போல் ஊத வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. கணினி என் நண்பனுடையது. பதுளை பஜாரில் அவர்களுக்குத் துணிக்கடை, கடைக்கு மேல் வீடு. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருவேன். கோயில் மண்டபத்தில் அவனுடைய பாட்டுக்குழு நடத்தவிருந்த நிகழ்ச்சிக்குப் பின்னணி இசை அமைப்பது என் வேலை.

"அறிவிப்புல ஒன் பேரத்தான் மொதல்ல சொல்லச் சொல்லுவேன் மச்சான்" என்றிருந்தான். எங்கள் வீட்டு ஆள் ஒருவரின் பெயரை அதுவரை எந்த மேடையிலும் யாரும் சொன்னதில்லை.

முதலில் எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில், தாளம் இம்மியும் பிசகாமல் வைத்தேன். கேட்டுவிட்டு நண்பன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"பாண் ஆட்டோ வந்திருச்சு. ரெண்டு றாத்தல் வாங்கிட்டு வா."

அவன் சொன்னது சரிதான்; தெருத்தெருவாக ரொட்டி விற்று வரும் ஆட்டோவின் இயந்திரப் பாட்டைப் போலத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு சுரமாகப் பிரித்தேன். ஒன்றைச் சற்றுப் பிந்த வைத்தேன், ஒன்றை மெலிதாக்கினேன், நீண்ட சுரங்களை முடிவில் லேசாகத் தளர விட்டேன். அப்போதும் ஏதோ குறைந்தது. ஊதுகிறவன் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

மைக்கை வாயருகே பிடித்து என் மூச்சையே பதிந்து, ஒவ்வொரு வரிக்கு முன்பும் வைத்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. நெஞ்சின் கீச்சுச் சத்தமும் சேர்ந்து பதிந்துவிட்டது. அழிக்கப் போனேன்.

"விடு. அதுலதான் ஆளு இருக்கு" என்றான். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

நிகழ்ச்சியன்று அம்மா, தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகவில்லை. கொழுந்துக்கூடையை ஓரமாக வைத்துவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டும் சேலையில் வந்தார். "எத்தனாவது பாட்டுல ஒன் பேரு சொல்லுவாங்க?" என்று பஸ்ஸில் இரண்டு முறை கேட்டார்.

மூன்றாவது பாட்டுக்கு நண்பன் கையில் புல்லாங்குழலோடு வந்து நின்றான். அவன் அதை ஊதி நான் கேட்டதே இல்லை. "இசையமைப்பும் புல்லாங்குழலும்" என்று தொடங்கி, அறிவிப்பாளர் அவனுடைய பெயரைச் சொன்னார். பாட்டு ஓடியது. துளைகளின் மேல் விரல்கள் ஆடின. நான் மூச்சு வைத்த இடங்களில் அவன் உதட்டைக்கூட எடுக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது ஒன் இழுப்புல்ல?"

"ஆமாம்மா."

"அப்ப நீ ஏன் இங்க ஒக்காந்திருக்க?"

கைதட்டல் அடங்கியதும் நண்பன் மைக்கை வாங்கினான். "வயர் கனெக்சனுக்கு ஒத்தாசையா இருந்த தோட்டத்துத் தம்பிக்கும் நன்றி" என்றான். தம்பி என்று அவன் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. பத்து வருடம் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள்.

அம்மா எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினார்.

"வா, பஸ் போயிரும்."

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.