மயிலைக்கு வைத்த பத்தியம்

பாலைப்பழ வாசம்...

பால் கறக்கக் குந்தியிருந்த என் முகத்தில் மாடு மூச்சு விட்டபோது அந்த வாசம்தான் வந்தது. அறுபதுகளின் தொடக்கம். முரசுமோட்டையில் காணி கிடைத்து நாங்கள் குடியேறிய புதிது. மயிலை என் அப்பா சீதனமாகத் தந்த பசு.

"இஞ்சாருங்கோ, மயிலையைக் காட்டுப் பக்கம் விட்டனீங்களோ? பாலைப்பழம் திண்டிருக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "மாசியில ஏதப்பா பாலைப்பழம்? பிள்ளை பெத்த உமக்குத்தான் ஆசை வந்திட்டுதுபோல."

மயிலையும் நானும் ஒரே கிழமையில்தான் பெற்றோம். அவள் கிடாரிக் கன்று, நான் மூத்தவன். எனக்குப் பத்தியம். குளிர் கூடாது, தண்ணீர்கூட அளவுதான். எனக்கு ஆகாதது அவளுக்கும் ஆகாது என்று நான் நினைத்தேன். புண்ணாக்கை நிறுத்தினேன், பச்சைப்புல்லை நிறுத்தினேன். வெறும் வைக்கோலும் அரை வாளி சுடுதண்ணீரும்.

"மாட்டுக்குமோ?" என்று அவர் கேட்டார். "தாய் எண்டால் தாய்தானே" என்றேன்.

பால் மட்டும் குறையவில்லை. செம்பு செம்பாய்க் கறந்தேன்... மூன்றாம் கிழமை விலா எலும்பு தெரிந்தது. பிறகு வைக்கோலையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் படுத்தவள் எழும்பவில்லை.

கிளிநொச்சியிலிருந்து மாட்டு டொக்டர் சைக்கிளில் வந்தார். வாயைத் திறந்து முகர்ந்தார்.

"ஆர் இதுக்குப் பத்தியம் வைச்சது?"

கைப்பிள்ளையோடு நான் வாசலில் நின்றேன்.

"நான்தான் ஐயா" என்றார் என் வீட்டுக்காரர்.

"விசரே உமக்கு? இது பால் ஏறுற நேரம். நீர் தீனைக் குறைச்சால் அது பாலைக் குறைக்குமே? தன்ர கொழுப்பை உருக்கி உருக்கித் தருது. அந்த வாசம்தான் இது."

எல்லா ஏச்சையும் அவரே தலைகுனிந்து வாங்கினார்.

டொக்டர் ஊசி போட்டார், பனங்கட்டி கரைத்துப் பருக்கச் சொன்னார். எனக்கென்று அம்மா அனுப்பிய பனங்கட்டிக் குட்டான்களை எல்லாம் உடைத்துக் கரைத்து, மூங்கில் குழாயால் என் வீட்டுக்காரர்தான் பருக்கினார். நாலாம் நாள் மயிலை அவர் கையை நக்கினாள்.

அன்றைக்கும் பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

போன மாதம் அவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது.

இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம். கடைசிக் கிழமைகளில் சோறு இறங்கவில்லை. "பனங்கட்டி ஒரு கடி தாருமன்" என்று சின்னப்பிள்ளைபோல் கேட்டார். "கூடாதப்பா" என்று பனங்கட்டிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆஸ்பத்திரியில் வாய் துடைக்கக் குனிந்தபோது... அதே வாசம். அறுபது வருசம் கழித்து.

இப்போது விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மெஷினில் எல்லாம் பார்க்கிறார்கள். டொக்டர்மார் நல்லவர்கள், ஒருவரும் ஏசவில்லை. யார் பத்தியம் வைத்தது என்று கேட்கவுமில்லை.

கேட்டிருந்தாலும், "நான்தான் ஐயா" என்று முந்திக்கொண்டு சொல்ல அவர் இல்லை.