வெற்றிக் கிண்ணத்துக்குள் பார்த்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தை வீட்டில் இருந்தபோது ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தாள். கொட்டாஞ்சேனையில் நான் அதிபராக இருந்த பெண்கள் பாடசாலையில் படித்த ஷெரினின் தாய். "மிஸ், எங்கட நசீர் சேர் மௌத்தாகிட்டாராம்" என்று மரணச் செய்தியைச் சொன்னாள். நசீரைப் போன்ற ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எங்கள் பக்கத்தில் யாரும் இலகுவில் 'எங்கட' என்று சொல்லிவிட மாட்டார்கள்.

நுளம்பு, அதாவது கொசு, பெருகும் தண்ணீரைக் கண்டால் வழக்குப் போடுவார் என்று பயந்து, அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கேற்றைப் பூட்டிவிட்டு, வீட்டில் ஆளில்லாதது போல் மூச்சடக்கி இருந்தவர்கள் நாங்கள். இதை வாசிக்கும் பலருக்கும் அது ஞாபகமிருக்கும். நசீர் சண்டை பிடிக்க மாட்டார். மறுநாள் அதே சிரிப்புடன் வந்து நிற்பார். உபசரித்தால், "முதல்ல உங்கட தண்ணியப் பார்ப்பம், பிறகு தேத்தண்ணி" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஏழாம் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. இருவர் தேறிவிட்டார்கள். ஷெரின் மட்டும் பிளேட்லெட் குறைந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். நான் நசீரை நேரே பாடசாலைக்குப் பின்னால் நாறும் கழிவுநீர்க் கானுக்கு அழைத்துப் போனேன். குற்றவாளி அதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களப் போலவே டெங்கு நுளம்புக்கும் சுத்தமான தண்ணிதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு என் அறைக்கு நடந்தார்.

அங்கே யன்னலோரம், விளையாட்டுப் போட்டிகளில் வென்ற கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் வளர்த்திருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுவேன். நசீர் ஒரு கிண்ணத்துத் தண்ணீரைத் தன் வெள்ளை அகப்பையில் ஊற்றி என் முன் நீட்டினார். நுளம்பின் குடம்பிப் புழுக்கள் நெளிந்தன. சுவருக்கு அடுத்த பக்கம் ஏழாம் வகுப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கண் முன்னால் இருந்ததே தெரியவில்லை.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது என்று சொல்லி, ஒவ்வொரு கிண்ணத்தையும் அவரே தேய்த்துக் கழுவினார். அன்று பின்னேரம் பெற்றோர் கூட்டம். கானைப் பற்றி மட்டும் பேசிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன்.

"ரிப்போட்ட நான் எழுதுவன், மிஸ். பெற்றாருக்குச் சொல்லுறது நீங்க. நீங்க மறைச்சா அவங்களும் மறைப்பாங்க."

சொன்னேன். முதல் வாக்கியமே என் கிண்ணங்களைப் பற்றியதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லாதான் முதலில் எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தாலும் நியாயம்தான். அவள் பின்னால் நின்ற நசீரைப் பார்த்து, "எங்கட வீட்டுக் கூரையில தண்ணி தேங்குற பீலியையும் நாளைக்கு வந்து பாருங்க சேர்" என்றாள். பிறகு தங்கள் வீட்டுக்கும் வரச் சொல்லி ஒவ்வொருவராகக் கையை உயர்த்தினார்கள். அந்தக் கிழமை பாடசாலைத் தெருவில் ஒரு கேற்றும் பூட்டப்படவில்லை. ஷெரின் தேறி வகுப்புக்கு வந்தாள். அந்த மழை முடியும்வரை வேறு பிள்ளை எவருக்கும் டெங்கு வரவில்லை.

சட்டம் சட்டம்தான் என்று நசீர் என்மீது வழக்கும் போட்டார். நீதிமன்றத்தில் என் பக்கத்திலேயே வந்து அமர்ந்திருந்தார்.

மரணச் செய்தி கேட்ட அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று அவருடைய மகள் கேட்டாள். என் பிழையை நானே முந்திச் சொல்லும் தைரியம்தான் நசீரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து. அதனால் தயங்காமல் சொன்னேன்: "உங்கட வாப்பா கோட்டுக்கு ஏத்தின அதிபர் நான்தான்." இவ்வளவு பெருமையோடு நான் என்னை யாருக்கும் அறிமுகம் செய்துகொண்டதில்லை.