ஸ்தோத்திரக் கூட்டத்துக்குக் கொண்டுபோன கருப்பட்டி

சனிக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்குத் தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். புதன்கிழமை சாயங்காலம் திருநெல்வேலியில் ஏறி, சென்னையில் வண்டி மாறி, குண்டக்கல், ராய்ச்சூர், பூனா என்று குலுங்கி வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அறுபத்தாறாம் வருஷம், ஆகஸ்டு மாதம். பிளாட்பாரக் கூரைக்குள்ளும் சாரல் அடித்தது. என் கையில் ஒரு தகரப் பெட்டி, மடியில் வைத்தே கொண்டுவந்த ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி.

கருப்பட்டி பாயசத்துக்கு. தாராவியில் இருக்கும் என் தங்கை பொன்மணியின் மாப்பிள்ளை ஞானமுத்து, தோல் ஷாப்பில் வேலை. டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாரா மாட்டாரா என்றிருந்து, பிழைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம், நீங்கள்தான் வந்து பாட்டு எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று தங்கை எழுதியிருந்தாள். பம்பாயில் சீனி ரேஷனில்கூடச் சரியாகக் கிடைப்பதில்லையாம். கடிதத்தின் அடியில் மாப்பிள்ளையே கோணல் கையெழுத்தில் ஒரு வரி: தாதருக்கு நானே வந்து நிற்பேன்.

அந்தப் பெட்டிக்கு வண்டியில் நான் கொடுத்த காவல் கொஞ்சமல்ல. குண்டக்கல்லில் எறும்பு மோப்பம் பிடித்துவிட்டது. எதிர் சீட்டுக்காரர் ஒரு துண்டு கேட்டார். கூட்டத்துச் சாமான், தொடக்கூடாது என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டேன்.

தாதரில் யாரும் வரவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பிழைத்தெழுந்ததும் மாப்பிள்ளை முறுக்கும் திரும்பிவிட்டதாக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்சி பிடித்தேன். இரண்டு ரூபாய்க்கு மேல் ஆயிற்று. மதராசியா என்று டிரைவர் இந்தியில் கேட்டார். திருநெல்வேலி என்றேன். ஹாங், மதராசி என்று முடித்துக்கொண்டார். மாஹிம் தாண்டித் திரும்பியதும் தோல் பதனிடும் நாற்றம் குப்பென்று அடித்தது. சேறாகக் கிடந்த சந்துக்குள் வண்டி போகாது என்று இறக்கிவிட்டார்.

சந்து முனைக் குழாயில் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுத்தமான நம் ஊர்ச் சண்டை. காதுக்கு இதமாகத்தான் இருந்தது. நான் பொன்மணி வீடு எது என்று கேட்டதும் அத்தனை வாயும் அடைத்துப்போயிற்று. ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டு வந்து ஓலைப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு எஸ்தர். தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு விட்ட காய்ச்சல் வியாழக்கிழமை திரும்பியிருக்கிறது. ராத்திரியே முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மண்ணுக்கும் கொடுத்துவிட்டார்கள். நான் வண்டியில் இருந்தபோது தந்தி ஊருக்குப் போயிருக்கிறது. ஒரு மனிதரை மண்ணுக்குள் வைத்த மறுநாள், அவர் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று நான் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பொன்மணி அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் வண்டியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பிறகு, கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு என்றாள். சந்து முழுக்கச் சொல்லியாயிற்று, உபதேசியாரும் வருகிறார், நிறுத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர்க் கோயிலில் இருபது வருஷமாகப் பாட்டெடுத்துக் கொடுக்கிறவன் நான். "யாருக்கு ஸ்தோத்திரம்? எதுக்கு ஸ்தோத்திரம்? ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"அவிய நல்லா இருந்தா மட்டுந்தான் சொல்லுவேன்னு நான் நேந்துக்கிடலையே அண்ணே" என்றாள். "இன்னைக்கு வாயைக் கட்டிட்டேன்னா, பெறகு எனக்கு ஜெபமே வராது. அந்தப் பயந்தான் எனக்கு."

துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கக்கூடாது. எஸ்தர் வீட்டில்தான் வெந்நீர் கொதித்தது. பாயசத்துக்கு வந்த கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கடுங்காப்பி போட்டார்கள். மடியில் வைத்துக் காத்த கருப்பட்டி துக்கக் காப்பிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்துப் பேர் கொள்ளாத அறையில் இருபது பேருக்கு மேல். மீதிப்பேர் சந்தில் குடையோடு நின்றார்கள். இங்கே ஒரு வழக்கம். வட்டமாக ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் நடந்த ஒரு நன்மையைச் சொல்லவேண்டும், எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் என்று பதில் சொல்வார்கள். அன்றைக்கு யாருக்கும் நாக்கு எழும்பவில்லை. மழைக்கு ஸ்தோத்திரம், காலைக்கு ஸ்தோத்திரம் என்று பட்டும் படாமலும் சொல்லி நகர்ந்தார்கள். எஸ்தர் முறை வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு அழுதாள். அவள் புருஷனும் அதே வார்டில் அதே காய்ச்சலில் கிடந்தவர். புதன்கிழமை பிழைத்து வந்து, இப்போது வாசலோரம் சாய்ந்திருக்கிறார்.

பொன்மணி அவள் கையைப் பிடித்தாள். "சொல்லுங்கக்கா. அண்ணாச்சி வீடு வந்தது நல்லதுதான? அதை எம் முன்னால முழுங்காதீய" என்றாள். எஸ்தர் சொன்னாள். பதில் சொன்ன குரல்களில் பொன்மணியின் குரலும் கேட்டது.

அடுத்து அவளே. "வியாழக்கிழமை சாயங்காலம் கஞ்சி கொண்டு போனேன். 'ஒன் அண்ணன் வண்டி ஏறிருப்பாவளா?'ன்னு கேட்டாவ. ஏறிட்டாவ, நம்ம வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்காவன்னேன். சரின்னுட்டு ரெண்டு வாய் குடிச்சாவ. பயமில்லாமத் தூங்குனாவ. அதுக்கு ஸ்தோத்திரம்."

அறை முழுக்கப் பதில் சொன்னது. அடுத்தது நான். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. உபதேசியார் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். பாட்டையும் வேறு யாரோதான் எடுத்தார்கள். காப்பி இனிப்பாக இருந்தது, குடிக்க முடியவில்லை.

ஒரு வாரம் இருந்தேன். ஊருக்கு வா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவரை வைத்த மண் இங்கே இருக்கிறது, இப்போதைக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். வழியனுப்பத் தாதருக்கு வந்தவள், என்னைத் தேடி அவர் வந்து நின்றிருக்க வேண்டிய பிளாட்பாரத்தில் நின்றாள். மிஞ்சிய ஒரு வட்டுக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்து என் மடியில் திணித்தாள். வண்டி நகர்ந்ததும்தான் அழுதாள். கல்யாண் போகிறவரை நானும் அழுதேன்.

ஊரில் எங்கள் கோயிலில் கிணறு ஊறினால், பையன் பாஸானால் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வோம். எல்லாம் கைக்கு வந்து சேர்ந்த பிறகு சொல்வது.

பூனா தாண்டி இருட்டியதும் ஓலைப்பெட்டியைத் திறந்தேன். கருப்பட்டியை உடைத்து, பக்கத்தில் இருந்த குண்டக்கல் ரயில்வேக்காரருக்கு ஒரு துண்டு கொடுத்தேன். தமிழர்தான். என்ன விசேஷம் என்று கேட்டார்.

"எந் தங்கச்சி மாப்பிள்ளை கடைசியாத் தூங்குன அன்னைக்கு, நான் அவரு வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. துண்டை வாயில் அடக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். பதில் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லாததால், ஸ்தோத்திரம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.