நான் ஊற்றிய கேன் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம். ஓசூரில் தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டியிருக்கிறது எங்கள் தெரு. போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். குளித்தால் உடம்பெல்லாம் அரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். கம்பெனிக் கழிவுதான் காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தே சலித்துப் போயிருந்தோம். போகும்போதெல்லாம் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

அப்போதுதான் பெங்களூர் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்தார். கன்னடம் கலந்த தமிழ். அதற்கு முன்னால் வந்தவர்கள் நாலு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனதோடு சரி, திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவர் தெருப் பெண்களை உட்கார வைத்து, மோட்டார் போட்டு எவ்வளவு நேரம் விட்டுப் பிடிக்க வேண்டும், பாட்டிலில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "நீங்களே எடுங்கக்கா. அப்போதான் நாளைக்கு யார் கேட்டாலும் நீங்களே பதில் சொல்லலாம்" என்றார்.

எல்லோரும் போர் தண்ணீரைப் பிடித்தார்கள். நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன்.

காரணம் என் மகள். கெலமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "அந்தத் தெருத் தண்ணியில குளிக்கிற பொண்ணுக்குத் தோல் வியாதி வராதா?" என்று தரகரிடம் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். முடிவுப் பட்டியலில் எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே கெட்ட தண்ணீர் என்று எழுதிவிட்டால் அடுத்த வரனும் போய்விடுமே என்று பயந்தேன்.

முடிவுகள் வந்ததும் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டோம். மனு கொடுத்த அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பட்டியலை மேலோட்டமாகப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வீட்டுத் தண்ணி சுத்தமா இருக்கே. ஒரே தெருவுல ஒரு வீட்டுக்கு மட்டும் நல்ல தண்ணி எப்படி வரும்? கம்பெனி மேல பழி போடாம போய் உங்க தொட்டியக் கழுவுங்கம்மா."

அது என் வீடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் குழந்தைக்குக் காலெல்லாம் புண். அதைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சார், அது கேன் தண்ணி. நான்தான் மாத்தி ஊத்திக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "பாத்தீங்களா? மத்தவங்க என்னென்ன ஊத்தினாங்களோ."

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆராய்ச்சிப் பெண்ணின் முகம் வாடிப்போனது. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"கேன் தண்ணிய சுத்தம்னு சரியாத்தான காட்டியிருக்கு சார்? அப்போ டெஸ்ட் பொய் இல்ல. சந்தேகம் இருந்தா இந்த அக்கா வீட்டுல இப்பவே நீங்களே பிடிங்க."

அவர் வேறு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி எழுந்தார். குழந்தைக்காரி வாசலில் போய் நின்றாள். "பத்து நிமிசம் நடந்தா வூடு வந்துரும் சார். நாங்க தெனம் குளிக்கிற தண்ணி, நீங்க பாத்துட்டுப் போனா போதும்." அவள் பின்னால் தெருவே போய் நின்றது. நானும் நின்றேன்.

கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அவர் கண்ணெதிரே இரண்டு பாட்டில் பிடித்தோம். ஒன்று அவர்கள் ஆய்வகத்துக்கு, ஒன்று எங்களுக்கு. தெருவிலேயே மோசமான தண்ணீர் எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் என்று இரண்டிலுமே வந்தது.

அதன் பிறகுதான் டேங்கர் லாரி வர ஆரம்பித்தது. கம்பெனி மேல் நாங்கள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பெனிக்காரர்களோ பின்சுவரில் 'நீரைக் காப்போம்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மகளுக்கு இன்னும் வரன் பார்க்கிறோம். வருகிறவர்களிடம் தண்ணீர் விஷயத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மண்ணுக்குள் கழிவை விட்டவர்கள் தலை நிமிர்ந்து நடக்கும்போது, அதில் குளித்த பாவத்துக்கு நான் எதற்காக வெட்கப்பட்டேன் என்று நினைத்தால், அவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே வருகிறது.